பதினொரு நிமிடக் கம்பளம்

இரண்டு மணி நேர நாடாவுக்கு
இரண்டு மணி நேரம்தான்.
குறுக்குவழி கிடையாது அக்கா என்று
வயர் விற்ற பொடியன் சொல்லிவிட்டான்.
ஓடுகிற வேகத்தில் ஓடினால்தான்
கணினி குடிக்கும்.

யோகச்சந்திரன் கேட்டிருந்தார்,
முற்றுப்புள்ளி இல்லாத குறுஞ்செய்தியில்:
கலியாண வீடியோ அங்கையோ இருக்கு ஒரு கொப்பி வேணும்.
என்னைக் கூப்பிட ஒரு சொல் அகப்படாமல்
என்னை ஓர் இடமாக்கியிருந்தார்.

பிரிந்தபோது சோபா அவருக்கு,
இடியப்ப உரல் எனக்கு.
நாடாவைப் பட்டியலில் ஒருத்தரும் எழுதவில்லை.
அதனால் அது என்னோடு வந்தது,
பேர்ச்மவுண்ட் வீதி, ஒன்பதாம் மாடி,
குளிர்கோட்டுகளுக்குப் பின்னால்.

டெக் பன்னிரண்டு டொலர், பழைய சாமான் கடையில்.
உள்ளே யாரோ ஒரு பிள்ளை
இருபத்தைந்து சதம் போட்டுப் பார்த்திருக்கிறது.
தலையைத் துடைக்கப் பஞ்சில் ஸ்பிரிட்.
கறுப்பாய் வந்தது, பிறகு மண்ணிறமாய்,
பிறகு ஒன்றுமில்லை.
மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
சிவப்பு மட்டும் நழுவும்.
அரிசிப் பை ரப்பரால் இழுத்துக் கட்டினேன்.

28-8-93. அழிக்க வேண்டாம்.
அவருடைய எழுத்து.
மேலே வேறெதுவும் பதியாமலிருக்க
நாடாவின் சின்னப் பல்லை
சாவியால் உடைத்ததும் அவர்தான்.

பள்ளிக்கூட மண்டபம். ஆவணி வெக்கை.
ஐயர் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே.
கமராக்காரர் புவனேந்திரன்
எங்கள் முகங்களைத் தாமரைக்குள் வைத்தார்,
தாமரையைச் சுழற்றினார்,
நயாகராவை எங்கள் தலைக்கு மேல் விழுத்தினார்.
நாங்கள் நனையவில்லை.
தாலி கட்டும்போது படம் கிழிந்து
வெள்ளைக் கோடுகள் மேலேறின.
ட்ரக்கிங்கைத் திருகினேன். தாலி திரும்பி வந்தது.

ஐம்பத்து நாலாவது நிமிடம்
புவனேந்திரன் சாப்பிடப் போகிறார்.
கமராவைக் கதிரையில் வைத்தவர்
நிற்பாட்ட மறந்துவிட்டார்.
பதினொரு நிமிடம் செம்மஞ்சள் கம்பளம்,
கதிரைக் கால்கள், நசிந்த பிளாஸ்டிக் கப்.
அந்த வருசம் எத்தனை வீடுகளில் போட்டுக் காட்டினோம்!
இந்த இடம் வந்தால் எல்லாரும் ஒரே குரலில்,
ஓட்டு, ஓட்டு.

இன்றைக்கு ஓட்ட முடியாது.

நீலக் கார் யாற்றை, வழியை மறிச்சு நிக்குது.
பாயாசம் இன்னும் வரேல்லை.
பிறகு, கிட்ட:

சாப்பிட்டீரா?
இல்லை. செருப்புக் கடிக்குது.
கழட்டும். ஒருத்தரும் பாக்கேல்லை.

திரையின் இடது மூலையில் ஒரு கால்.
புது மெட்டி. குதிக்கால் தோல் உரிந்து சிவந்திருக்கிறது.
ஒரு கை வருகிறது.
கடதாசித் துவாயை நாலாய் மடிக்கிறது,
குதிக்காலுக்கும் வாருக்கும் நடுவே செருகுகிறது,
போகிறது.

எனக்கு இது நினைவில் இல்லை.
ஒருநாளும் கவனிச்சதில்லை என்று
சட்டத்தரணியிடம் சொன்னேன்.
ஒருநாளும் என்பதை அவ
ஆங்கிலத்தில் இன்னும் அழுத்தமாய் எழுதினா.
கையெழுத்தும் வைத்தேன்.

நீர். பிறகு நீ.
பிறகு கடிதங்களில் எதிர்மனுதாரர்.
இப்போது அங்கை.

ஏப்பம் விட்டபடி திரும்புகிறார் புவனேந்திரன்.
ஐயோ, இது ஓடிக்கொண்டெல்லோ நிண்டிருக்கு.
நீலத் திரை.

வெட்டுவது சுலபம்.
இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு.
கோப்பும் சின்னதாகும்.
வெட்டவில்லை.
மன்னிப்பு என்று நினைக்க வேண்டாம்.
அந்தத் துவாய் ஒரு துவாய்தான்.
பிறகு இருபது வருசம் இருந்தது, அதை நான் மறக்கவில்லை.
ஆனால் நான் கையெழுத்து வைத்த வசனத்தில்
ஒரு சொல் பிழை.

டிஸ்க் தொண்ணூற்றெட்டு வீதத்தில் நின்று
யோசித்து, முடித்தது.
வாசலில் வைத்திருக்கு என்று எழுதினேன்.
அவர்: டிஸ்க் போட வீட்டில மெசின் இல்லை யூஎஸ்பியில தரலாமோ

தரலாம்.
இப்போது அது வெறும் கோப்பு.
நாலு நிமிடம் எடுத்தது,
கம்பளத்தோடு சேர்த்து.